வெள்ளிக்கிழமை மெக்சிக்கோக்காரர்

நல்ல மெக்சிக்கன் சாப்பாட்டுக்கடையை எப்படி அடையாளம் காண்பது என்று எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். பெருமைக்குச் சொல்லவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் ஜெர்மனியில் எசன் நகரத்துத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் பரதநாட்டியமும் மிருதங்கமும் பழகிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வாய்த்தது இந்த அறிவு. காரணம், எங்கள் அப்பா ஒரு மெக்சிக்கன் கடையில் சமைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கடை அதற்கு முன் கிரேக்கச் சாப்பாட்டுக்கடையாக இருந்தது. முதலாளி ஒரு ஜெர்மன்காரர். இரண்டு கிழமை விடுமுறையில் மெக்சிக்கோ போனவர், திரும்பி வரும்போது ஏழு பெரிய தொப்பிகளோடு வந்தார். அவற்றைச் சுவரில் வரிசையாக அறைந்து, வாசலில் ஒரு பிளாஸ்ரிக் கள்ளிச்செடியை நட்டு, கடையின் பெயரை மாற்றிவிட்டார். கழிவறைக்குப் போகும் வழியில் நின்ற வெள்ளைத் தூண்களை மட்டும் இடிக்க அவருக்கு மனம் வரவில்லை. வருகிறவர்கள் மெக்சிக்கோவில் சாப்பிட்டு, கிரேக்கத்துக்குப் போய்க் கை கழுவிவிட்டு வருவார்கள். ஒருத்தரும் ஒன்றும் கேட்டதில்லை.

குசினிக்குள் இரண்டு நாடும் இல்லை. அங்கே நின்றது யாழ்ப்பாணத்தார் இரண்டு பேர்: அப்பா, கூடவே கோப்பை கழுவுகிற ஓர் அண்ணை. அப்பாவும் முதலில் அங்கே கோப்பை கழுவத்தான் போனார். போர்த்துக்கல்காரச் சமையல்காரர் ஒரு கார்னிவல் திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. கோப்பை கழுவிக்கொண்டே நாலு வருடம் அந்த ஆளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, அன்று கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனவர்தான். ஆனால் வேலைக் கடதாசியில் அவர் இன்னும் ‘குசினி உதவியாள்’ என்றுதான் இருந்தார். அந்த ஒரு சொல் அம்மாவுக்கு நெஞ்சில் முள். கடதாசிக் கட்டை எடுத்து அடுக்கும்போதெல்லாம் அதில் கண் போய் நிற்கும், ஒரு பெருமூச்சும் வரும்.

அப்பாவுக்கு மெக்சிக்கன் சாப்பாடு ஒரு புதினமாகவே தெரியவில்லை. தோர்த்தியா என்றால் றொட்டி. சல்சா என்றால் சம்பல். சில்லி கொன் கார்ணே என்றால் போஞ்சி விதை போட்ட இறைச்சிக் கறி. “கண்டறியாத சாப்பாடு ஒண்டுமில்லை, எல்லாம் எங்கடைதான், உறைப்பைத்தான் குறைச்சுப்போட்டாங்கள்” என்பார். குறைத்த உறைப்பை யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டும் வந்தார். எசன் சனமும் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்து சாப்பிட்டது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த அப்பாவின் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டது நான்.

நாலாம் வகுப்பில் ஒருநாள் பெற்றோரின் தொழிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் கொஞ்சம் கூடுதல். ஒரு பிள்ளையின் அப்பா பல் வைத்தியர், ஒரு பிள்ளையின் அம்மா வங்கியில். என் முறை வந்ததும் எழும்பி, எங்கள் அப்பா ஜெர்மனியிலேயே மிகச் சிறந்த மெக்சிக்கன் சமையல்காரர் என்று அடித்துவிட்டேன். எசனோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

மியூனிக் பக்கம் கார்ஹிங்கிலிருந்து அந்த வருடம் புதிதாக வந்து சேர்ந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். அவளுடைய அப்பா ஜெர்மன்காரர், அம்மா மெக்சிக்கோ. இந்த நாட்டில் நல்ல மெக்சிக்கன் கடை ஒன்றுகூட இல்லையென்று தன் அம்மா சொல்லுவாராம். உள்ளே போய்ச் சாப்பிடத் தேவையில்லை, வாசலில் நின்றே கண்டுபிடிப்பாராம். வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் காது இரண்டும் சுட்டது. அப்படியென்றால் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா பார்ப்போம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் அவள் ஒரு தாளோடு வந்தாள். அம்மாவிடம் கேட்டுச் சிவப்புப் பென்சிலால் எழுதியிருந்தாள். நல்ல கடைக்கு மூன்று அடையாளம். சுவரில் தொப்பி தொங்கக்கூடாது. கேட்காமலே இரண்டு வகைச் சல்சா மேசைக்கு வரவேண்டும். அந்த நாட்டுச் சனம் அங்கே இருந்து சாப்பிடவேண்டும். கீழே, வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு வருகிறோம் என்றும் எழுதியிருந்தது.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. புதன்கிழமைகளில் அம்மா துப்புரவு வேலை முடிந்து வரும்வரை நான் கடையின் மூலை மேசையில் இருந்து வீட்டுப்பாடம் செய்வது வழக்கம். அன்று முதலாளி பக்கத்தில் வந்து என்ன படிக்கிறாய் என்று கேட்டார். நான் படிப்பை விட்டுவிட்டு, உண்மையான மெக்சிக்கோக்காரி ஒருவர் வெள்ளிக்கிழமை எங்கள் கடைக்கு வரப்போகிறார் என்று சொன்னேன். அவர் மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்ரேஷனுக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு மெக்சிக்கன் கடை திறந்திருந்தார்கள். அங்கே அசல் மெக்சிக்கோக்காரச் சமையல்காரர் ஒருவர் கண்ணாடிக்குப் பின்னால் நின்று எல்லாருக்கும் தெரிய றொட்டி தட்டுகிறாராம். அந்தச் செய்தி கேட்ட நாள் முதல் முதலாளிக்கு நித்திரை இல்லை. அன்றிரவே அப்பாவைக் கூப்பிட்டுக் கதைத்தார். அந்தப் பெண் வந்து சாப்பிட்டுப் பார்க்கட்டும். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் திங்கட்கிழமையே உன் கடதாசியில் ‘சமையல்காரர்’ என்று எழுதித் தருகிறேன். இல்லையென்று சொன்னால் நானும் ஓர் அசல் ஆளைப் பிடிப்பேன். நீ பழையபடி கோப்பை கழுவலாம், வேலையை விட்டு அனுப்பமாட்டேன், பயப்படாதே. நல்ல மனுசர்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்பா வீட்டுக்கு வந்து இதை அமைதியாகத்தான் சொன்னார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ எப்பவடி வாயை மூடப் பழகப்போறாய்?”

பழகவில்லை என்பதற்கு இந்தக் கதையே சாட்சி. ஆனால் அன்றைக்கு என் வாய் தானாக மூடிக்கொண்டது. அப்பாவின் கைகளைப் பார்த்தேன். கோப்பை கழுவின காலத்தில் விரல்கள் எந்நேரமும் வெளிறி, தோல் உரிந்து, இரவில் எண்ணெய் பூசிக்கொண்டிருப்பார். அது எனக்கு நல்ல ஞாபகம். போர்த்துப் படுத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன்.

மறுநாள் சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி, பக்கத்து நகரத்தில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் சித்தியோடு இருந்தார். எங்கள் குடும்பத்தில் எந்தச் சோலி வந்தாலும் அவரிடம் ஒரு வழி இருக்கும். பெரும்பாலும் அந்த வழியால் போனால் சோலி இரண்டாகும். இருந்தாலும் கேட்காமல் இருக்கமாட்டோம். தாளை வாங்கி என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தொப்பி முதலாளியின் சொத்து, அதில் கை வைக்க ஏலாது. இரண்டு சம்பல் அப்பாவுக்கு ஒரு வேலையே இல்லை. மூன்றாவதுக்கு வந்ததும் சித்தப்பா மீசையைத் தடவினார்.

“ஆக்கள்தானே? அதை நான் கொண்டுவாறன்.”

எங்கே போய் மெக்சிக்கோக்காரரைப் பிடிக்கப்போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சித்தப்பா கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று தன்னைத்தானே காட்டினார். கறுத்த தலைமயிர், மாநிறம், மீசை, கொஞ்சம் வண்டி வயிறு. டுசல்டோர்ஃப் விமானநிலையத்தில் ஒருமுறை ஒரு கிழவர் தன்னை அந்த நாட்டு ஆள் என்று நினைத்து ஸ்பானிஷில் வழி கேட்டாராம். உலகத்தில் வேறு ஆருக்கு எங்களுக்கும் அவங்களுக்கும் வித்தியாசம் தெரியும்?

“தம்பி, உமக்கென்ன விசரே?” என்றார் அம்மா. “வாறதே அந்த நாட்டுப் பொம்பிளை.”

“அண்ணி, அவ என்ன ஒவ்வொரு மேசையாப் போய் பாஸ்போட்டே பார்க்கப்போறா? தூரத்திலை இருந்து பார்க்கட்டும், சனம் இருக்கெண்டு நினைக்கட்டும். அவ்வளவும் காணும்.”

அப்பா கண்டிப்பாக வேண்டாம் என்றுவிட்டு வேலைக்குப் போனார். அப்பா வேண்டாம் என்றால் சித்தப்பாவுக்கு அது யோசிக்கிறார் என்று அர்த்தம். தன் கட்டடத்தில் இருந்த இரண்டு தமிழ்க் குடும்பத்தையும் சேர்த்து எட்டுப் பேரைத் திரட்டிவிட்டார். வியாழக்கிழமை பின்னேரம் அவர்கள் வீட்டில் ஒத்திகை. பெண்கள் பொட்டு வைக்கக்கூடாது, சீலை கூடாது, ஆளுக்கொரு பூப்போட்ட பாவாடை. ஆண்கள் கட்டம் போட்ட சேட். ஒருத்தரும் வாய் திறக்கப்படாது. யாராவது ஏதும் கேட்டால் சிரித்துத் தலையாட்டினால் போதும். கடையின் உணவுப் பட்டியலை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரிய இறைச்சித் தட்டுக்கு இலக்கம் பதினேழு. மெக்சிக்கோக்காரன் என்றால் இறைச்சி சாப்பிடுகிறவன், எல்லாரும் பதினேழைக் காட்டுங்கோ என்று சித்தப்பா பாடமாக்க வைத்தார். நான் ஒவ்வொருவராகச் சோதித்தேன். எல்லாரும் பாஸ்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கே அவர்கள் வந்து நடுவில் இரண்டு மேசையை நிரப்பிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்தது. அவ்வளவு அசலாக இருந்தார்கள். முதலாளி அவர்களை முன்னப்பின்னக் கண்டதில்லை. அந்த நாளில் அந்த நேரத்தில் தானாகவே எட்டு மெக்சிக்கோக்காரர் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து மனுசர் பூரித்துப்போய், போகிறபோக்கில் மெழுகுதிரியைக்கூடக் கொளுத்தி வைத்தார். சித்தப்பா ராசா மாதிரித் தலையாட்டினார்.

பரிமாறுகிற மாணவிப் பெண் குறிப்புப் புத்தகத்தோடு வந்து நின்றாள். சித்தப்பா பதினேழில் விரலை வைத்தார். அப்போதுதான் சித்தி அவருடைய கையைப் பிடித்தார். நான் இரண்டு மேசை தள்ளி ஜன்னலோரம் வழி பார்த்துக்கொண்டிருந்தேன், தெளிவாகக் கேட்டது.

“இஞ்சருங்கோ, இண்டைக்கு வெள்ளியெல்லோ!”

சித்தப்பாவின் முகம் செத்துப்போனது. மீசையை யோசித்தவர், பாவாடையை யோசித்தவர், கிழமையை யோசிக்கவில்லை. எட்டுப் பேரில் ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. நான் யோசித்தேனா, அதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் மச்சம், மாமிசம் தொடமாட்டார்கள். ஜெர்மனிக்கு வந்து பனியில் நடந்து, பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்து, எல்லாவற்றுக்கும் வளைந்துகொடுத்தவர்கள் இந்த ஒன்றில் மட்டும் வளையமாட்டார்கள். ஒருநாளைக்குத்தானே, முருகன் குறை நினைக்கமாட்டார் என்று சித்தப்பா மூச்சுவிடாமல் முணுமுணுத்தார். சித்தி பட்டியலை மூடி மேசையில் வைத்தார். மற்ற ஆறு பேரும் மூடி வைத்தார்கள். கடைசியில் சித்தப்பா அந்தப் பெண்ணைப் பார்த்து, ஒத்திகையில் இல்லாத ஒரே ஒரு ஜெர்மன் வசனத்தைச் சொன்னார்: எட்டுப் பேருக்கும் இறைச்சி இல்லாமல்.

அந்தப் பட்டியலில் இறைச்சி இல்லாமல் இருந்தது சலாட் ஒன்றுதான். நான் குசினிக்கு ஓடினேன். அப்பா அந்த நேரம்தான் கதவின் வட்டக் கண்ணாடியால் எட்டிப் பார்த்து, தன் தம்பியையும் கண்டு, தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். கோப்பை கழுவுகிற அண்ணை வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தார். திட்டுவதற்கு நேரமில்லை. மூலை அடுப்பில் அப்பாவின் வெள்ளிக்கிழமைச் சட்டி இருந்தது.

அந்தச் சட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தக் கிழமைக்கான கறுப்புப் போஞ்சி விதை எல்லாம் வெள்ளிக்கிழமைதான் அவியும். அதில் ஒரு பங்கை இறைச்சியோடு சேர்க்காமல் எடுத்து, உள்ளியும் வெங்காயமும் சீரகமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டி, தனக்கும் அண்ணைக்கும் என்று வைப்பார். அதோடு சாப்பிட சோளமா றொட்டி. கடைக்கு றொட்டி பைக்கற்றில் வரும், கோதுமையில் செய்தது. ஆனால் கடை திறந்த நாளில் முதலாளி ஏதோ ஆசையில் மெக்சிக்கோச் சோளமா ஒரு மூட்டை எடுப்பித்திருந்தார். அதை நிறுத்தச் சொல்ல மறந்துபோனதால் மூட்டை வந்துகொண்டேயிருந்தது. வீணாகப் போகவிட அப்பாவுக்கு மனம் கேட்காது. வெள்ளிக்கிழமைகளில் குழைத்துக் கையால் தட்டிச் சுடுவார். ஆக, சட்டியில் இன்னும் நாலு அகப்பை விதையை அள்ளிப் போட்டு, அண்ணையை மாக் குழைக்கச் சொல்லி, இரண்டு பேரும் றொட்டி தட்டத் தொடங்கினார்கள்.

ஆறு மணிக்கு என் வகுப்புப் பிள்ளையும் தாயும் வந்தார்கள். அந்த அன்ரி கட்டையான, உருண்டையான ஆள். வாசலில் நின்று தொப்பிகளை ஒவ்வொன்றாக எண்ணுவதைக் கண்டேன். ஏழாவது தொப்பியில் ஒரு பெருமூச்சு விட்டார். மூன்றில் ஒன்று போச்சு.

நாங்கள் மூவரும் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தோம். கேட்காமலே சிவப்பும் பச்சையுமாக இரண்டு சம்பல் வந்தன. அன்ரி சிவப்பில் விரலை வைத்து நாக்கில் வைத்தார். புருவம் மேலே போனது. இன்னொருமுறை வைத்தார். யார் செய்தது என்று கேட்டார், அப்பா என்றேன். இரண்டாவது அடையாளம் எங்கள் பக்கம்.

முதலாளி தானே பட்டியலோடு வந்து, குனிந்து, பதினேழைச் சிபாரிசு செய்தார். அன்ரி மன்னிப்புக் கேட்டார். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம், இன்றைக்கு வெள்ளிக்கிழமை, தான் இறைச்சி சாப்பிடுவதில்லை.

நான் வாயைப் பிளந்தேன். வெள்ளிக்கிழமை விரதம் என்பது முருகனுக்கும் எங்களுக்கும் மட்டும் உள்ள ஒப்பந்தம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். முதலாளி பட்டியலின் சலாட் பக்கத்தைத் திருப்பினார். ஆனால் அன்ரி பட்டியலைப் பார்க்கவில்லை. அவர் கண் நடு மேசைக்குப் போய்விட்டது.

அங்கே எட்டுப் பேரும் வாய் திறக்கக்கூடாது என்ற கட்டளைப்படி ஒரு சொல் பேசாமல், கறுத்த விதைக் கிண்ணத்துக்கு மேல் குனிந்து, ஆவி பறக்கும் றொட்டியைப் பிய்த்து, கையால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கரண்டி, முள்ளு எல்லாம் துணிக்குள் சுற்றினபடி அப்படியே கிடந்தன.

“எனக்கு அது வேண்டும்” என்றார் அன்ரி.

முதலாளி திரும்பிப் பார்த்தார். தன் கடையில், தன் மேசையில், தான் விற்காத ஒரு சாப்பாட்டை எட்டுப் பேர் சாப்பிடுவதை அப்போதுதான் அவர் கண்டார். முகம் சிவந்து குசினிப் பக்கம் போனார். எல்லாம் முடிந்தது, நாளைக்கு அப்பா பழையபடி தண்ணீருக்குள் கை வைக்கப்போகிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாதான் கொண்டுவந்தார். ஏப்ரனில் மா அப்பியிருந்தது. கிண்ணத்தை வைத்துவிட்டு நகராமல் நின்றார். அன்ரி றொட்டியைக் கையில் எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு பிய்த்து, அள்ளி, வாயில் வைத்தார். இன்னொரு வாய். மூன்றாவது றொட்டி முடிந்தபோது எழும்பி நேரே சித்தப்பாவின் மேசைக்கு நடந்தார்.

இது ஒத்திகையில் இல்லை.

போய் நின்று ஸ்பானிஷில் கதைக்கத் தொடங்கினார். கொஞ்ச நஞ்சமல்ல, மூச்சு விடாமல், சந்தோசமாக, கையை ஆட்டி ஆட்டி. சித்தப்பா பேயறைந்தவர் மாதிரி இருந்தார். மீசையில் வியர்வை. சிரித்துத் தலையாட்டினார். எட்டுத் தலையும் சேர்ந்து ஆடின. அன்ரி ஏதோ கேள்வி கேட்டார். அதற்கும் ஆடின. அந்த அந்தரம் தாங்காமல் சித்தி தன் பக்கத்துக் கதிரையை இழுத்துவிட்டு, வந்த ஆளுக்குச் சொல்லுகிற அதே சொல்லைச் சொல்லிவிட்டார்.

“இருங்கோ, இருந்து சாப்பிடுங்கோ.”

அன்ரி சித்தியைப் பார்த்தார். சித்தியின் கழுத்தில் பாவாடைச் சட்டைக்கு மேலே தடித்த தாலிக்கொடி மின்னியது. மெதுவாக உட்கார்ந்து, சித்தி நீட்டின றொட்டியை வாங்கிக்கொண்டார். அதன் பிறகு சித்தி தமிழில் ஏதோ சொல்ல அன்ரி ஸ்பானிஷில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் நெடுங்காலம் பழகினவர்கள் மாதிரிக் கதைத்தார்கள். என் வகுப்புப் பிள்ளை எழும்பி, ஸ்பானிஷில் ‘மமா’ என்று தாயைக் கூப்பிட்டு ஏதோ சொல்லப்போனாள். அன்ரி சிரித்துக்கொண்டே ஒரு துண்டு றொட்டியை அவள் வாய்க்குள் வைத்துவிட்டார். பிள்ளைக்குப் பசியாக்கும் என்று நினைத்தேன்.

முதலாளி அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இவர்கள் உங்கள் நாட்டவர்களா என்று அன்ரியிடம் கேட்டார். கேட்ட விதத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அன்ரி சித்தப்பாவைப் பார்த்தார். முதலாளியோடு நின்ற அப்பாவின் மாப் படிந்த கைகளைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் அழுவதற்குத் தயாராக இருந்தேன்.

ஓம், வேறென்ன, என்றார் முதலாளியிடம், தெளிவான ஜெர்மனில். தெற்கில், தூரத் தெற்கில் உள்ளவர்கள். அங்கே பேச்சு வேறு மாதிரி. வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லாத சட்டி அடுப்பில் இருந்தால் அது நல்ல வீடு என்று என் அம்மா சொல்லுவார், உங்கள் கடையில் இருக்கிறது. இந்தச் சமையல்காரரை விட்டுவிடாதீர்கள். அந்தத் தொப்பிகளை மட்டும் தயவுசெய்து கழற்றுங்கள்.

அப்பா சட்டென்று திரும்பிக் குசினிக்குள் போய்விட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே வெந்த றொட்டியைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கடதாசி வந்தது. அம்மா அதை என்னிடம் தந்து சத்தமாக வாசிக்கச் சொன்னார். ‘சமையல்காரர்’ என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தி இன்னொருக்கா வாசிக்கச் சொன்னார். பிறகு எங்களுக்குப் பாயசம் காய்ச்சினார். முதலாளி ஐந்து தொப்பியைக் கழற்றினார். இரண்டை விட அவருக்கு மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமைச் சட்டி பட்டியலில் ஏறியது. சித்தப்பா அடுத்த ஒரு வருடத்துக்கு எந்தக் கொண்டாட்டத்துக்குப் போனாலும் மெக்சிக்கோக்காரியையே ஏமாற்றின கதையைச் சொன்னார். நாங்களும் ஒவ்வொரு முறையும் முதல்தரம் கேட்கிற மாதிரிச் சிரித்தோம். எனக்கு அவரை நினைக்கப் பெருமையாக இருந்தது. கூடவே அந்த அன்ரியை நினைக்கப் பாவமாகவும் இருந்தது. சொந்த நாட்டுச் சனத்தையே அடையாளம் தெரியாத அளவுக்கு மனுசி எவ்வளவு காலமாகத் தனியாக இருந்திருக்கிறா! இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு, நீ போய்ப் படி பிள்ளை என்றார்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அப்பா கடையில் சமைப்பது போக, காலையில் வீட்டிலும் ஒரு சின்னச் சட்டி வைத்து, மூடி இறுக்கிக் கட்டி என்னிடம் தருவார். பள்ளிக்கூட வாசலில் அன்ரியிடம் கொடுக்கவேண்டும். உண்மை தெரிந்தால் அவர் முதலாளியிடம் போய்ச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில்தான் அப்பா இப்படிக் குளிரவைக்கிறார் என்று நானாகவே முடிவுகட்டிக்கொண்டேன். அன்ரி சட்டியை வாங்கி மூடியைத் திறந்து ஒருமுறை மோந்து பார்ப்பார். பிறகு மிகவும் கவனமாகக் கேட்பார்: தெற்கத்தி ஆட்கள் எல்லாரும் சுகமா?

எனக்குப் பொய் சொல்லக் கூசும். இருந்தாலும் உண்மையைச் சொன்னால் மனுசி உடைந்துபோவா. எல்லாரும் நல்ல சுகம் அன்ரி, உங்களை விசாரித்தவை என்று முகத்தை மாற்றாமல் சொல்லுவேன். அவருக்குச் சிரிப்பு வரும், கண்ணும் கலங்கும். உறவு தேடுகிறா, பாவம் என்று நினைப்பேன். நாலாம் வகுப்பு முடியும்வரை ஒரு வெள்ளி தவறாமல், ஒரு சொல் வெளியே விடாமல், அந்த ஏமாற்றத்திலிருந்து அவரை நான் காப்பாற்றிக்கொண்டு வந்தேன்.